ரெட்வுட் காட்டில் குழுவாக ஜியோகேச்சிங்: முதல்முறை திட்டமிடுவோருக்கு

ஜியோகேச்சிங் என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான்: யாரோ ஒருவர் காட்டில் ஒரு டப்பாவை ஒளித்துவைத்திருப்பார், போனில் இடத்தைப் போட்டால் அது நேராக டப்பாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிடும். நகரப் பூங்காவில் இந்த எண்ணத்தோடு போனாலும் எப்படியோ சமாளித்துவிடலாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ரெட்வுட் என்ற ராட்சத மரங்கள் நிற்கும் காட்டில், பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு, ஐந்தாறு கட்டங்கள் கொண்ட ஆட்டத்தை இதே எண்ணத்தில் அமைத்தால் இரண்டாம் கட்டத்திலேயே ஆளுக்கொரு திசையில் நிற்பார்கள். அதைவிட வருத்தமானது, அவர்கள் தேடிய இடமெல்லாம் பெரணிச் செடிகள் மிதிபட்டுக் கிடக்கும்.

போன் திரையில் தெரிவது ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது ஒரு வட்டம். நீங்கள் அதற்குள் எங்கோ ஓரிடத்தில் நிற்கிறீர்கள். அந்த வட்டம் எவ்வளவு பெரியது, ஏன் ரெட்வுட் காட்டில் அது விரிகிறது என்று புரிந்துவிட்டால், கட்டங்களை எங்கே வைப்பது, குழுவை எப்படிப் பிரிப்பது என்பதெல்லாம் தானாகவே பிடிபடும்.

ஆட்டம் எப்படித் தொடங்கியது

பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசு நெடுங்காலம் வேண்டுமென்றே ஒரு பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000 மே 2 அன்று அதை நிறுத்தியது. அதுவரை 100 மீட்டர் வரை தவறிக்கொண்டிருந்த கைக்கருவிகள் ஒரே இரவில் பத்து மடங்குக்கு அருகே துல்லியமாயின. மறுநாளே ஆரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் பகுதியில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருட்களைப் போட்டு, பாதி மண்ணில் புதைத்துவைத்து, அந்த இடத்தின் ஆயத்தொலைவை இணையக் குழு ஒன்றில் வெளியிட்டார். அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களும் சேர்ந்ததுதான் ஆயத்தொலைவு. சில நாட்களிலேயே அந்த வாளியைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு பீன்ஸ் டின்னும் இருந்தது. இன்றைய விதிகளின்படி மண்ணைத் தோண்டிப் புதைக்கவும் கூடாது, உணவுப் பொருள் வைக்கவும் கூடாது.

ஒளித்துவைக்கும் பெட்டிக்குக் கேச் என்று பெயர். உள்ளே லாக்புக் என்ற சிறு நோட்டு இருக்கும். கண்டுபிடித்தவர் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பல கட்டங்கள் கொண்டதை மல்டி-கேச் என்பார்கள். ஐந்து கட்டம் என்றால் ஐந்து பெட்டி வேண்டும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். தேவையே இல்லை. பெட்டி கடைசிக் கட்டத்தில் இருந்தால் போதும். மற்றக் கட்டங்களில் அடுத்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்கான துப்பு இருக்கும், அவ்வளவுதான். அந்தத் துப்பு ஏற்கெனவே அங்கே நிற்கும் ஒரு தகவல் பலகையில் இருந்தாலே சிறப்பு. காட்டுக்குள் புதிதாக எதையும் கொண்டுபோய் வைக்க வேண்டியதில்லை.

போனுக்கு இடம் எப்படித் தெரிகிறது

மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்திருப்பீர்கள். ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். இடி கேட்க மூன்று வினாடி ஆனால் மின்னல் ஒரு கிலோமீட்டர் தள்ளி விழுந்திருக்கிறது. இப்போது கொஞ்சம் மாற்றி யோசியுங்கள். மின்னல் விழுந்த இடம் வரைபடத்தில் உங்களுக்குத் தெரியும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதுதான் தெரியாது. ஓர் இடியை வைத்து, அந்த இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் தொலைவில் எங்கோ நிற்கிறோம் என்று மட்டும் சொல்லலாம். வெவ்வேறு திசைகளில் விழுந்த மூன்று மின்னல்களின் தூரம் தெரிந்தால், மூன்று வட்டங்களும் வெட்டும் இடம்தான் நீங்கள்.

ஜி.பி.எஸ். செய்வதும் இதையேதான். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், நான் இந்த இடத்தில் இருக்கிறேன், இப்போது நேரம் இவ்வளவு என்று ஓயாமல் ஒலிபரப்புகின்றன. போன் அதைக் கேட்டு, சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்திலிருந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. ரேடியோ அலை ஒளியின் வேகத்தில் வருவதால் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் 300 மீட்டர் தவறிவிடும். செயற்கைக்கோளில் அணுக் கடிகாரம் இருக்கிறது. போனில் இருப்பதோ சாதாரணக் கடிகாரம். அந்தக் கடிகாரத்தின் பிழையையும் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால், மூன்றுக்குப் பதில் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படுகின்றன.

போன் செயற்கைக்கோளுக்கு எதையும் அனுப்புவதில்லை, வெறுமனே கேட்கிறது. ஆகவே இணையமோ மொபைல் டவரோ இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். அப்படியானால் காட்டுக்குள் சிலருக்கு ஏன் இடமே காட்டுவதில்லை? இரண்டு காரணங்கள். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைக்காவிட்டால் திரை வெறுமையாக இருக்கும். இன்னொன்று, ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை 30 வினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஊருக்குள் போன் அந்த விவரத்தை இணையத்திலிருந்து சட்டென்று எடுத்துக்கொள்ளும். டவர் இல்லாத காட்டில் செயற்கைக்கோள் சொல்வதை இடைவிடாமல் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மரங்களுக்கு அடியில் சிக்னல் அறுந்து அறுந்து வந்தால் அது முடிவதே இல்லை. இதற்கு எளிய வழி, வண்டி நிறுத்துமிடத்தில் திறந்த வானத்தின் கீழ் நின்று இடம் பிடித்த பிறகு உள்ளே நடப்பது.

சுருக்கமாக: போன் தூரங்களை அளந்து இடத்தைக் கணிக்கிறது. அதற்கு வேண்டியவை பல திசைகளில் செயற்கைக்கோள்கள், தடையில்லாத சிக்னல், கொஞ்சம் பொறுமை. திறந்த வெளியில் ஒரு நல்ல போனின் வட்டம் சுமார் 5 மீட்டர் ஆரம் கொண்டது.

ரெட்வுட் காட்டில் வட்டம் ஏன் விரிகிறது

கடலோர ரெட்வுட்தான் உலகிலேயே உயரமாக வளரும் மரம். 100 மீட்டரைத் தாண்டி நிற்பவை பல. முதிர்ந்த மரங்களின் அடித்தண்டு நான்கைந்து மீட்டர் அகலம்கூட இருக்கும். செயற்கைக்கோள் சிக்னல் தரைக்கு வரும்போது மிகவும் பலவீனமாகிவிடுகிறது. நீர் நிறைந்த தண்டும் பனிமூட்டத்தில் நனைந்த இலைகளும் அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

தப்பி வருவதும் நேராக வருவதில்லை. மலைகளுக்கு நடுவே இடி கேட்டால் எதிரொலி பிந்தி வரும். எதிரொலியை வைத்து எண்ணினால் மின்னல் இருப்பதைவிடத் தொலைவில் விழுந்ததாகத் தோன்றும். அதேபோல் தண்டுகளில் பட்டுத் திரும்பி வரும் சிக்னலைக் கேட்டு போன் தூரத்தைக் கூட்டிக் கணக்கிடுகிறது. இதற்குப் பல்வழிப் பிழை என்று பெயர்.

மூன்றாவது காரணத்தை யாரும் அதிகம் சொல்வதில்லை, ஆனால் ரெட்வுட்டுக்கு அதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். மிகப் பெரிய ரெட்வுட் மரங்கள் பெரும்பாலும் ஆற்றோரச் சமதரையில் வளர்கின்றன. இரண்டு பக்கமும் மலைச்சரிவு, தலைக்கு மேல் கிளைகளின் இடைவெளியில் ஒரு துண்டு வானம். அந்தத் துண்டில் தெரியும் செயற்கைக்கோள்கள் எல்லாம் ஒரே பக்கம் கூடியிருக்கும். மூன்று மின்னலும் ஒரே திசையில் விழுந்தால் வட்டங்கள் ஒன்றையொன்று தெளிவாக வெட்டாமல் உரசிக்கொண்டு போகும் அல்லவா? அதே சிக்கல். எண்ணிக்கையில் செயற்கைக்கோள்கள் போதுமான அளவு தெரிந்தாலும் இடம் தெளிவாகாது.

இவை மூன்றும் சேர்ந்தால் 20, 30 மீட்டர் தவறுவது சாதாரணம். நிமிடத்துக்கு ஒருமுறை புள்ளி தாவும். விலை உயர்ந்த கருவி வாங்கினால் பிழை குறையும், போகாது.

வட்டம் விரிந்தால் காட்டுக்கு என்ன ஆகும்

5 மீட்டர் ஆரம் கொண்ட வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 80 சதுர மீட்டர். 25 மீட்டர் ஆரம் என்றால் 1,960 சதுர மீட்டர். ஆரம் ஐந்து மடங்கானால் தேட வேண்டிய தரை இருபத்தைந்து மடங்காகிவிடுகிறது. அதில் பன்னிரண்டு பேர், இருபத்து நான்கு கால்கள்.

இவ்வளவு பெரிய மரத்தின் வேர் ஆழமாக இறங்கியிருக்கும் என்று தோன்றும். உண்மையில் ரெட்வுட்டின் வேர்கள் பெரும்பாலும் 3, 4 மீட்டருக்குக் கீழே போவதில்லை. பக்கவாட்டில் 20 மீட்டருக்கும் மேல் பரவி, பக்கத்து மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்கின்றன. மேல்மண் மிதிபட்டு இறுகினால் நீரும் காற்றும் வேருக்குப் போவது குறையும்.

இது வெறும் ஊகம் என்று நினைப்பவர்கள் ஹைபீரியன் மரத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 115 மீட்டருக்கும் மேல் உயரமான, உலகின் மிக உயர்ந்த மரம் அது. ரெட்வுட் தேசியப் பூங்காவில் 2006-இல் கண்டறியப்பட்டது. பூங்கா இடத்தை ரகசியமாக வைத்திருந்தும் ஆயத்தொலைவு இணையத்தில் பரவிவிட்டது. பாதையே இல்லாத இடத்துக்கு மக்கள் புதர்களை மிதித்துக்கொண்டு போனார்கள். மரத்தைச் சுற்றிப் பெரணிகளே இல்லாமல் போயின. 2022-இல் பூங்கா அந்தப் பகுதியை மூடியது; மீறினால் ஆறு மாதச் சிறையும் 5,000 டாலர் அபராதமும் விதிக்கப்படலாம். ஆயத்தொலைவை வெளியிடுபவர் ஒரு கூட்டத்தை அந்த இடத்துக்கு அனுப்புகிறார். நாம் போடும் திட்டத்துக்கும் இது அப்படியே பொருந்தும்.

கட்டங்களை அமைப்பது

போன் குழுவை வட்டத்தின் விளிம்புக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகு போனைப் பைக்குள் வைத்துவிட்டு, கண்ணால் பார்த்தே விடையைக் கண்டுபிடிக்க முடிய வேண்டும். ஒவ்வொரு கட்டத்தையும் இந்த ஓர் அளவுகோலால் அளந்து பாருங்கள். "இங்கிருந்து தேடுங்கள்" என்பது மோசமான துப்பு. "பாதை மரப்பாலத்தைக் கடந்ததும் வலப்பக்கம் உள்ள பலகையைப் படியுங்கள்" என்பது நல்ல துப்பு. புள்ளி 30 மீட்டர் தாவினாலும் பாலம் தாவாது. பாலம், பெஞ்ச், பலகை, பாதைகள் பிரியும் முனை ஆகியவைதான் ரெட்வுட் காட்டில் நம்பத்தகுந்த இடங்கள். எல்லாமே பாதையை ஒட்டி இருப்பவை என்பதால் யாரும் செடிக்குள் இறங்கத் தேவையில்லை.

ஓர் எடுத்துக்காட்டைச் செய்து பார்ப்போம். சாண்டா குரூஸ் மலைகளில் உள்ள பிக் பேசின், கலிபோர்னியாவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா, 1902-இல் உருவானது. ஒரு கட்டத்தின் பலகையில் அந்த ஆண்டு எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் எண்களை அடுத்த ஆயத்தொலைவில் பொருத்தச் சொல்லலாம். ஆனால் எந்த இடத்தில் பொருத்துவது? ஜியோகேச்சிங்கில் ஆயத்தொலைவை டிகிரி, பிறகு நிமிடம், நிமிடத்தின் மூன்று தசம இடங்கள் என்று எழுதுவார்கள். அட்சரேகையில் மூன்றாம் தசம இடத்தில் ஒன்று மாறினால் தரையில் 1.85 மீட்டர் நகரும். இரண்டாம் இடத்தில் ஒன்று மாறினால் 18.5 மீட்டர். முதல் இடத்தில் 185 மீட்டர்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. மூன்றாம் இடத்தில் புதிர் போட்டுப் பயனில்லை. வட்டம் அதைவிடப் பெரியது. முதல் இடத்தில் போட்டால் ஓர் எண்ணைத் தவறாகப் படித்த குழு பள்ளத்தாக்கின் அடுத்த பக்கம் போய் நிற்கும். பெரும்பாலும் இரண்டாம் தசம இடமே புதிருக்கு ஏற்றது. கூடவே ஒரு சரிபார்ப்புத் தொகையும் கொடுங்கள்: "எண்களைக் கூட்டினால் 12 வர வேண்டும்." 1, 9, 0, 2 கூட்டினால் 12. வராவிட்டால் பலகையை மறுபடி படிப்பார்கள். நடந்து போய் ஏமாறுவதைவிட அது மேல். குழந்தைகள் இருக்கும் குழுவுக்கு இந்த ஒரு வரி பெரிய ஆறுதல்.

சில திட்டங்களில் காந்தத் திசைகாட்டி வைத்து ஒரு கட்டம் இருக்கும்: இந்தக் கம்பத்திலிருந்து 60 டிகிரித் திசையில் 100 மீட்டர் போ என்பதுபோல. ஜி.பி.எஸ். தடுமாறும் இடத்தில் இது நல்ல மாற்றுதான். ஆனால் திசைகாட்டி முள் உண்மையான வடக்கைக் காட்டுவதில்லை. அந்தப் பகுதியில் சுமார் 13 டிகிரி கிழக்கே விலகி நிற்கும். இந்த வேறுபாட்டைக் காந்தவிலக்கம் என்பார்கள். கணக்கில் சேர்க்காவிட்டால் 100 மீட்டர் போவதற்குள் 23 மீட்டர் பக்கவாட்டில் விலகிவிடுவீர்கள். துப்பிலேயே எந்த வடக்கு என்று சொல்லிவிடுங்கள். அந்த நேர்கோடு பாதையின் மேலேயே விழும் இடமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். செடிகளுக்குள் கோடு போடாதீர்கள்.

பெட்டி இருக்கும் கடைசிக் கட்டத்தை முதிர்ந்த தோப்புக்கு வெளியே, வானம் திறந்த இடத்தில் வைப்பதே என் பரிந்துரை. தேடல் அதிகம் நடப்பது அங்கேதான். அங்கே வட்டம் சிறியதாக இருக்கட்டும். ஆயத்தொலைவை எடுக்கும்போது வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில் அளந்து சராசரி எடுங்கள். செயற்கைக்கோள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் காலையில் வந்த பிழை மாலையில் வேறு பக்கம் விழும். சராசரியில் இரண்டும் ஓரளவு கழிந்துவிடும். ஒரே இடத்தில் நின்று ஐந்து நிமிடத்தில் பத்து முறை அளப்பதால் இந்தப் பயன் கிடைக்காது.

இதுவரை சொன்னதன் சாரம்: துப்பு பாதையோரத்தில், கண்ணுக்குத் தெரியும் பொருளில் இருக்க வேண்டும். புதிரின் எண் வட்டத்தைவிடப் பெரிய நகர்வைத் தர வேண்டும். பெட்டி திறந்த வானத்தின் கீழ் இருக்க வேண்டும்.

குழுவைப் பிரிப்பது

பன்னிரண்டு பேர் ஒரே போனைச் சுற்றி நின்றால் இரண்டு பேர் விளையாடுவார்கள், பத்துப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். நான்கு பேர் கொண்ட மூன்று அணிகள் போதும். ஒவ்வொன்றிலும் போன் பார்ப்பவர் ஒருவர், காகித வரைபடம் வைத்திருப்பவர் ஒருவர், துப்பைப் படித்து எழுதுபவர் ஒருவர், கடைசியில் நடந்து ஆள் எண்ணிக்கை பார்ப்பவர் ஒருவர். கட்டத்துக்குக் கட்டம் வேலையை மாற்றிக்கொள்ளலாம். அணிகளை இருபது நிமிட இடைவெளியில் அனுப்புங்கள். ஒரே கட்டத்தில் எல்லோரும் கூட மாட்டார்கள், முன்னால் போனவர்களைப் பார்த்துக் காப்பியடிக்கவும் முடியாது. யார் முதலில் வந்தார்கள் என்று பந்தயம் வைக்காதீர்கள். ஓட்டம் வந்துவிட்டால் குறுக்குவழி வரும், குறுக்குவழி என்றால் செடிகளின் மேல்தான். சரியான விடைகளுக்கு மதிப்பெண் கொடுங்கள்.

ரெட்வுட் காட்டில் பிற்பகலிலேயே வெளிச்சம் மங்கிவிடும். எந்தக் கட்டத்தில் இருந்தாலும் இந்த நேரமானால் திரும்ப வேண்டும் என்று முன்பே ஒரு நேரத்தைச் சொல்லிவிடுங்கள். போனில் பேச முடியாத இடத்தில் அது ஒன்றுதான் மூன்று அணிகளையும் இணைக்கும். மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஓக் செடியைக் கிளம்பும் முன் படத்தில் காட்டுங்கள். தொட்டால் பல நாள் அரிக்கும்.

சாப்பாட்டு விஷயம் ஒன்று. மார்பிள்டு மரலெட் என்ற சிறிய கடற்பறவை, கடலில் இரை தேடிவிட்டு, முதிர்ந்த மரங்களின் உயரமான பாசிபடிந்த கிளையில் ஒரே ஒரு முட்டையிடும். அதன் கூடு முதன்முதலில் அறிவியல் உலகுக்குத் தெரியவந்ததே 1974-இல், பிக் பேசினில்தான். நாம் சிந்தும் துணுக்குகளுக்கு ஸ்டெல்லர் ஜே என்ற நீலப் பறவையும் அண்டங்காக்கையும் வரும். வந்தவை மரலெட்டின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும். அதனால்தான் அந்தப் பூங்காக்கள் ஒரு துணுக்குகூடச் சிந்தாமல் சாப்பிடச் சொல்கின்றன. முறுக்கும் சிப்ஸும் வண்டி நிறுத்துமிடத்தோடு முடியட்டும்.

அனுமதியும் பெட்டியும்

நிலத்தை நிர்வகிப்பவரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். தேசியப் பூங்காவில் அனுமதியின்றிப் பெட்டியை வைத்துவிட்டு வருவது விதிமீறல். மாநிலப் பூங்கா, நகராட்சிக் காடு ஒவ்வொன்றுக்கும் தனி விதி இருக்கும். பெட்டியே இல்லாத திட்டத்தோடு போய்ப் பேசினால் உரையாடல் சுலபமாகிறது: எல்லாக் கட்டங்களும் பலகைகள், எல்லாம் பாதையோரம், கடைசியில் லாக்புக் ஒருங்கிணைப்பாளர் கையில். முதல்முறைக்கு அதுவே போதும்.

பெட்டியோடு அமைத்து ஜியோகேச்சிங் தளத்தில் நிரந்தரமாகப் பதிவதானால், மற்றவர்களின் பெட்டிகளிலிருந்து குறைந்தது 161 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். உங்கள் கேச்சின் கட்டங்களுக்கு இடையே இந்த விதி கிடையாது. பனிமூட்டம் கிளைகளிலிருந்து மழையாகச் சொட்டும் காடு என்பதால் ரப்பர் விளிம்பு வைத்து இறுகப் பூட்டும் பெட்டி, நனையாத தாள், பென்சில். பேனா மை அந்த ஈரத்தில் நிற்காது.

அறிவிப்பதற்கு முன் திட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத இரண்டு பேரிடம் துப்புகளைக் கொடுத்து நடக்கச் சொல்லுங்கள். பின்னாலேயே போங்கள், வாயைத் திறக்காதீர்கள். பாதையை விட்டு அவர்கள் கால் எங்கே இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இறங்கிய இடத்தில் துப்பு போதவில்லை என்று பொருள். அதைத் திருத்தி எழுதுங்கள். குளிர்காலப் புயலில் கிளைகளும் சில சமயம் மரங்களும் விழுந்து பாதைகள் மூடப்படும், பலகைகள் மாற்றப்படும். 2020 ஆகஸ்ட் தீயில் பிக் பேசினின் பெரும்பகுதி எரிந்து, பூங்கா ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் மூடிக் கிடந்தது. ஆகவே நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம் எல்லாக் கட்டங்களையும் ஒருமுறை நடந்து பார்த்துவிட்டு, பூங்கா அலுவலகத்திடமும் எந்தெந்தப் பாதைகள் திறந்திருக்கின்றன என்று கேட்டுவிடுங்கள்.